உபயம்: கறுப்பையா

முதல் டியூப் லைட்டிலேயே கறுப்பையாவின் பிளேடு மழுங்கிப்போனது.

"அண்ணே, 'தி' போயிருச்சு. 'னேஸ்' அப்படியே நிக்குது," என்றார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ரவிகுமார்.

"பிடிக்கிறதுன்னா ரெண்டு கையாலயும் பிடிங்க தம்பி. ஃபோனை அப்புறம் பாக்கலாம்."

"நியூஸ்தாண்ணே பாக்குறேன். இப்ப அவரு வீட்டு மீன் தொட்டிக்கும் சீல் வச்சிட்டாங்களாம்."

கறுப்பையாவின் கையில் இரண்டாவது பிளேடு உடைந்தது.

கண்டி மஹய்யாவ மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த முனியாண்டி கோயிலுக்குக் கறுப்பையா பொருளாளர், ரவிகுமார் செயலாளர். பிழைப்புக்குக் கறுப்பையா தையல்காரர். ரவிகுமாருக்கு ஃபோன் கார்ட் விற்கும் கடை ஒன்று உண்டு என்றாலும், ஊருக்கு யோசனை சொல்வதுதான் அவருடைய முழுநேர வேலை. நடை சாத்திய மத்தியானத்தில் இருவரும் ஏணி வைத்ததற்குக் காரணம், கோயில் சாமான்களில் முக்கால்வாசியின்மேல் "உபயம்: தினேஸ், குண்டசாலை" என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்ததுதான்.

குண்டசாலை தினேஸுக்குப் பல்லேகலயில் டயர் கடை இருந்தது. அந்தக் கடையில் டயர் வாங்கிய மனிதரை யாரும் கண்டதில்லை. ஆனால் கடைமட்டும் வருசத்துக்கு ஒரு மாடி வளர்ந்தது. மாடி வளரும்போதெல்லாம் அவர் முனியாண்டிக்கு ஏதாவது அனுப்பிவைப்பார். டியூப் லைட், இரும்பு அலுமாரி, ஸ்பீக்கர், சோறாக்கும் கிடாரம், கதிரைகள், கடைசியாக ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கல மணி.

போன வாரம் போதைப்பொருள் கடத்தல் சந்தேகத்தில் தினேஸைப் பொலிஸ் பிடித்தது. புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். குற்றத்தில் சம்பாதித்ததாகச் சந்தேகம் வந்தால், தீர்ப்பு வரும்வரை சொத்தை முடக்கி வைக்கலாமாம். நீதவான் உத்தரவு போட்டார். வீட்டுக்குச் சீல், ஜீப்புகளுக்குச் சீல், டயர் கடைக்குச் சீல். மீன்களுக்குத் தீனி போடவே ஒரு கான்ஸ்டபிள் தினமும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக்குத் திருவிழா. அதற்குள் பொலிஸ் லொறி மஹய்யாவ மேட்டில் ஏறினால் சாமி இருட்டில், ஊர் தரையில், சோறு அரிசியாகவே.

"பேர் இருந்தாத்தானே அவரு சாமான்?" என்று ரவிகுமார் கேட்டார். "பேரைச் சுரண்டிட்டா சாமி சாமான்."

சாயங்காலத்துக்குள் எல்லா டியூப் லைட்டையும் சுரண்டி முடித்தார்கள். பெயர் மறைத்துக்கொண்டிருந்த வெளிச்சமெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்து கொட்டியது. முனியாண்டிக்கு இடது மீசை கொஞ்சம் தூக்கல் என்பது பக்தர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு பேர் பயந்து பூசைக்கு நிற்காமலே போய்விட்டார்கள்.

பூசாரி அலுமாரியைச் சுற்றி வந்து பார்த்தார். பச்சை அலுமாரியின் நடுவில் சுரண்டிய இடம் வழுக்கைத் தலையாகப் பளபளத்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? இங்கின ஒரு பேர் இருந்திச்சுன்னு இதுவே கூப்பிட்டுச் சொல்லுதே!"

ரவிகுமார் ஒரு நிமிசம்தான் யோசித்தார். "வேற பேர் எழுதிருவோம்."

"யார் பேரை?"

அன்று மாலையே கமிட்டி கூடியது. தலைவர் தனக்குப் பிரசர் என்றார். உபதலைவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி வருவதாகச் சொன்னார். பூசாரி, சாமிக்குப் பூசை செய்கிறவனே சாமிக்குச் சாமான் கொடுத்தால் அது கொடுக்கல் வாங்கலாகிவிடும் என்றார். 'ஊர் மக்கள்' என்று எழுதலாம் எனத் தலைவர் சொல்ல, ரவிகுமார் தலையை ஆட்டினார். "நாளைக்கு ஏதாச்சும் ஆனா ஊரே உள்ள போகணும். பரவாயில்லையா?"

எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

கறுப்பையா பெருமூச்சு விட்டார். முகத்தைச் சாவு வீட்டுக்குப் போகிறவர் போல வைத்துக்கொண்டார்.

"என்ன செய்றது. கோயில் காரியம். என் பேரையே போட்டுத் தொலைங்க."

உள்ளுக்குள் அவருக்கு நாதஸ்வரம் வாசித்தது. வருசா வருசம் முனியாண்டிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர் அவர்தான். திரையில் பெயர் தைக்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டதால், அந்த உபயம் ஊரில் யார் கண்ணிலும் பட்டதில்லை.

ஐந்து பேரும் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். விசயம் வெளியே போகக்கூடாது, பெண்டாட்டிகளுக்குக்கூட. கறுப்பையாவுக்கு அதில் கஷ்டம் இருக்கவில்லை. அவர் மனைவி பாப்பம்மா மகளின் பிரசவத்துக்காகக் கம்பளைக்குப் போயிருந்தாள்.

அவரே கடதாசி மட்டையை வெட்டி, மேலே வைத்துப் பெயின்ட் அடிக்க எழுத்துத் தகடு செய்தார். தையல்காரர் அல்லவா, கத்தரிக்கோல் கையோடு பேசியது. 'உபயம்: கறுப்பையா' என்ற எழுத்துகள் தினேஸின் எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டன.

"பழசு தெரியாம மறையணும்ல," என்றார்.

"மறையிறதுக்கு இவ்வளவு வேணாமேண்ணே. கிடாரத்தில எழுத்து ஒரு சுத்துச் சுத்தி, 'யா' திரும்பி வந்து 'உ'வை இடிக்குதே."

மணிதான் தகராறு செய்தது. தினேஸின் பெயர் அதில் எழுதப்படவில்லை, வார்ப்பிலேயே புடைத்துக்கொண்டு நின்றது. அரம் கொண்டு இரண்டு பேர் மாறி மாறி அராவினார்கள். பெயர் போனது. கூடவே மணியின் குரலும் போனது. அடுத்த நாள் மத்தியானப் பூசைக்குப் பூசாரி மணியை இழுத்ததும், சட்டியில் அகப்பை தட்டுகிற சத்தம் கேட்டது. லயத்து ஆட்கள் ஆளுக்கொரு தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். அன்னதானம் இல்லை என்று சொல்லி அனுப்பிவைக்க வெகு நேரம் ஆனது. இரண்டு பேர் கடைசிவரை நம்பவில்லை.

வந்தவர்கள் சும்மாவும் போகவில்லை. மணியைப் பார்த்தார்கள். அலுமாரியைப் பார்த்தார்கள். கறுப்பையாவைப் பார்த்தார்கள்.

"அடேயப்பா! இவ்வளவும் அண்ணன் குடுத்ததா? அந்தத் தினேஸ் சும்மா பேர் எழுதிக்கிட்டுத் திரிஞ்சானா?"

"அண்ணன் வாயே திறக்கலியே. பெரிய மனசுய்யா."

கறுப்பையா தரையைப் பார்த்துப் புன்னகைத்தார். சத்தியம் செய்திருக்கிறாரே, வாயைத் திறக்க முடியுமா? மறுநாளே பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலிலிருந்து பொன்னாடையோடு இரண்டு பேர் வந்தார்கள். போர்த்திவிட்டுக் கிணற்றுக்கு ஒரு மோட்டர் வேண்டும் என்றார்கள். தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் தூரத்தைக் குறைத்துக்கொண்டு தையல் கடையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான்.

வியாழக்கிழமை பாப்பம்மா கம்பளையிலிருந்து திரும்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் நாலு பேர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார்கள். அவள் நேரே கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் வீட்டுக்குள் வந்தாள்.

"ஏங்க."

"வா பாப்பம்மா. புள்ள எப்படி இருக்கு?"

"புள்ள இருக்கட்டும். என் சங்கிலிய அடகு வச்சுத்தானே தையல் மெசினுக்கு மோட்டர் போட்டீங்க? இன்னும் மீட்டுத் தரல. கோயிலுக்கு ஆள் உயரத்துக்கு மணியா?"

"அது... சாமி காரியம்."

"எந்தக் காசில?"

கறுப்பையா முனியாண்டி கோயில் இருந்த பக்கம் பார்த்தார். எரிந்த சூடம் கண்ணில் நின்றது.

"சொல்ல முடியாது பாப்பம்மா."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் முன்னால் வந்த தட்டு கழுவித் துடைத்திருந்தது. அதில் வேறு ஒன்றும் இல்லை.

கடைசியாக மிஞ்சியது கதிரைகள். நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் கதிரைகள். கதிரை காலியாகக் கிடக்கும்போதும் சாமி கண்ணில் படட்டும் என்று, தினேஸ் சாய்கிற பக்கத்திலேயே பெயர் எழுத வைத்திருந்தார். எல்லாவற்றையும் சுரண்டினால் கண்டியில் பிளேடு பஞ்சம் வந்துவிடும். பழைய சிவப்பின்மேலேயே எழுத்துத் தகட்டை வைத்துப் பச்சைப் பெயின்டை அடித்துவிடலாம் என்பது ரவிகுமாரின் யோசனை. பெயின்டையும் அவரே மலிவாக வாங்கி வந்தார்.

"ஒரு மணித்தியாலத்தில காஞ்சிரும்னு கடைக்காரன் சொன்னான்."

எந்த ஊரில் என்று கடைக்காரன் சொல்லவில்லை. கண்டியில் அந்த வாரம் முழுக்க மழை.

வெள்ளிக்கிழமைக் காலைப் பூசைக்குக் கூட்டம் நிறைய வந்தது. எல்லாரும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தீபாராதனைக்கு எழுந்தபோது, சர்ர்ர் என்று துணி உரிகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. சாமி வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு கிழவிகள் ஆடவே தொடங்கிவிட்டார்கள். விபூதி வாங்கிக்கொண்டு திரும்பிய கூட்டத்தைப் பார்த்ததும் பூசாரியின் கையிலிருந்து தட்டு விழுந்தது. ஒவ்வொரு முதுகிலும் கறுப்பையா. வெள்ளைச் சட்டையில் கறுப்பையா, பட்டுச் சேலையில் கறுப்பையா. இடமும் வலமும் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

அடுத்தவர் முதுகைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, தன் முதுகு யார் கண்ணுக்குத் தெரியும்? ஊர் அப்படியே வேலைக்குப் போய்விட்டது. மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் தேர்தல் வந்துவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள்.

அந்த முதுகுகளில் ஒன்று ஜெயராஜுடையது. அவனுக்கு நீதிமன்றத்தில் கோப்புத் தூக்கும் வேலை. அன்றைக்கென்று தினேஸின் வழக்கு எடுக்கப்பட்டது. ஜெயராஜ் கோப்பை நீட்டிவிட்டு, சட்டப் புத்தகங்கள் இருந்த கண்ணாடி அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரியாதையாக நின்றான். முதுகில் இடம் வலம் மாறிக் கிடந்த எழுத்துகள் அலுமாரிக் கண்ணாடியில் நேராகிவிட்டன. பச்சையில் 'உபயம்: கறுப்பையா'. ஈரப் பச்சை இளக்கி எடுத்து வந்த பழைய சிவப்பு அதன் அடியில் 'தினேஸ், குண்டசாலை'.

பொலிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார்ஜன்ட் அரூஸ் அதை இரண்டு முறை வாசித்தார்.

வெளியே வந்ததும் ஜெயராஜின் தோளில் ஒரு கை விழுந்தது. "தம்பி, இது எங்க ஒட்டின?"

ஜெயராஜ் கமிட்டியில் இல்லை. அவன் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தாலும் சொல்லியிருப்பான்.

சனிக்கிழமை காலையில் ஒரு ஜீப்பும் அதன் பின்னால் ஒரு லொறியும் மஹய்யாவ மேட்டில் ஏறின. ஜீப்பிலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் அரூஸ். இன்ஸ்பெக்டர் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். அரூஸ் அதைத் தமிழில் சொன்னார்.

"மேடம் கேக்குறாங்க, இந்தச் சாமானெல்லாம் யார்ட?"

கமிட்டி முழுக்கக் கறுப்பையாவைப் பார்த்தது. தலைவர் மட்டும் தன் பிரசர் மாத்திரையைப் பார்த்தார்.

"நம்ம உபயம்தாங்க," என்றார் கறுப்பையா. குரல் அராவிய மணி போல வந்தது.

"உங்களுக்கு என்ன தொழில்?"

"தையல்."

அரூஸ் மணியைக் கையால் தட்டிப் பார்த்தார். கீழ் லயத்தில் யாரோ தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

"கண்டி டவுனுக்கே சட்டை தச்சாலும் இந்த மணிக்கு நாக்கு வாங்க ஏலாதே ஐயா?"

இன்ஸ்பெக்டர் மெதுவாக, நல்ல மரியாதையாகப் பேசினார். பேசப் பேச அரூஸின் முகம் இறுகியது.

"மேடம் சொல்றாங்க, சொத்து எப்படி வந்ததுன்னு காட்ட ஏலாட்டி உங்கட வீடு, கடை, தையல் மெசின் எல்லாத்தையும் முடக்கச் சொல்லிக் கோர்ட்ல கேப்பாங்களாம். நீங்க தினேஸ்ட கூட்டாளின்னு எடுத்துக்குவாங்க."

மெசின் என்ற சொல் கடைசி வரிசையில் நின்ற பாப்பம்மாவின் காதில் விழுந்தது. அவளுடைய சங்கிலி அந்த மெசினில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சேர்! மேடம்! இந்த ஆளா குடுத்தாரு?" பாப்பம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "உண்டியல்ல போடுறதுக்கே என்கிட்ட சில்லறை கேக்குற மனுசன் சேர் இவரு! அதையும் போடும்போது ரெண்டு தரம் யோசிப்பாரு!"

"பாப்பம்மா, ஊர் முன்னால..."

"சும்மா இருங்க நீங்க! ஊரையே கேளுங்க சேர். எவனாச்சும் இவர் கையால ஒரு டீ குடிச்சிருக்கானா?"

நேற்றுவரை பெரிய மனசு என்ற ஊர் இப்போது சாட்சி சொல்ல முண்டியடித்தது.

"என் கல்யாணத்துக்கு வெட்டி மிஞ்சின துணியில கைக்குட்டை குடுத்தாரு சேர். அதுவும் என் மாப்பிள்ளைச் சட்டையில மிஞ்சின துணி."

"தச்ச சட்டையில ஒரு பட்டனக் குறைச்சிட்டு, மேல் பட்டன் யாரும் போடுறதில்லம்பாரு!"

பொன்னாடை போர்த்தியவர்கள்கூடப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, அந்தப் பொன்னாடையை இவர் கடையில் விலைக்குத் தொங்கவிட்டிருப்பதைச் சொன்னார்கள். தூரத்துச் சொந்தக்காரன் அழுதே விட்டான்.

கறுப்பையாவுக்கு உயிர் வந்தது, மானம் போனது. இரண்டும் ஒரே வாசலில்தான் போய் வந்தன. அவர் முனியாண்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு மண்ணெண்ணெயில் துணியை நனைத்துவந்து, முன்னாலிருந்த கதிரையை அழுத்தித் துடைத்தார். பச்சைக் கறுப்பையா கரைந்து வழிய, அடியிலிருந்து சிவப்பாகத் தினேஸ் வெளியே வந்தார்.

"நான் குடுக்கல சேர். எல்லாம் தினேஸ் குடுத்தது. நாங்கதான் பேரை மாத்தினோம்."

இன்ஸ்பெக்டர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். படம் எடுக்கச் சொன்னார். இரண்டு கான்ஸ்டபிள்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மணியைச் சுற்றிக் கயிறு போட்டார்கள்.

"உங்கட வீடு தப்பிச்சிட்டுது ஐயா," என்றார் அரூஸ். "சாமான ஏத்துறோம்."

மத்தியானத்துக்குள் கோயில் காலியாகிவிட்டது. டியூப் லைட் போனது, ஸ்பீக்கர் போனது, அலுமாரி போனது. உள்ளே இருந்த துணிமணிகளை முனியாண்டியின் காலடியில் குவித்துவிட்டுத்தான் போனது. கிடாரத்தை உருட்டிக்கொண்டு போனபோது கறுப்பையாவின் பெயர் முழுசாகச் சுற்றிச் சுற்றித் தெரிந்தது. நாளைக்குத் திருவிழா. பூசாரி எங்கிருந்தோ ஒரு பழைய எண்ணெய் விளக்கைத் தேடி எடுத்து ஏற்றினார். மீசை மறுபடி சரியாகிவிட்டது.

பாப்பம்மா கணவனின் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"வாங்க, சோறு ஆக்கியிருக்கேன்."

"விடுங்கண்ணே," என்றார் ரவிகுமார். "நம்மாள முடிஞ்சதச் செஞ்சோம். அவன் பேரை அப்படியே விட்டிருந்தா அப்பவே ஏத்தியிருப்பாங்க. ஏதோ ஒரு வாரமாச்சும் சாமிகிட்ட இருந்திச்சே."

"அதுதான் தம்பி. அது ஒண்ணுதான் மனசுக்கு ஆறுதல்," என்றார் கறுப்பையா.

லொறியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்த சார்ஜன்ட் அரூஸ் திரும்பிப் பார்த்தார்.

"எங்கட பள்ளிவாசல்ல தினேஸ் குடுத்த ஃபேன் எல்லாம் அவர்ட பேரோட இன்னமும் சுத்திக்கிட்டுத்தான் ஈக்கிது ஐயா; சொந்தப் பேர்ல கோயிலுக்கும் பள்ளிக்கும் குடுத்தத அப்படியே விட்டுருங்க, அடுத்தவன் பேர்ல மறைச்சு வச்சிருக்கிறத மட்டும் ஏத்திட்டு வாங்கன்னுதான் கோர்ட் ஓடர்."